அஞ்சலினுக்கு வயது இருபத்து நான்கு

நேசராணியின் உயரத்தையும் அளக்க வேண்டும் என்று ஷம்ரா மிஸ் சொன்னதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நேசராணிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக அவள் பறித்த கொழுந்தைத்தான் நிறுத்திருக்கிறார்கள். அவளை ஒருவரும் அளந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சுவராக நின்றாள். மிஸ் அவள் தலைக்கு மேல் ஒரு கொப்பியை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு, இரும்பு டேப்பை இழுத்தார். ஐந்தடி நாலரை அங்குலம்.

"கூடை சுமக்காம இருந்திருந்தா இன்னும் ஒரு அங்குலம் இருந்திருக்கும், அக்கா" என்றார் மிஸ். விளையாட்டாகச் சொல்லவில்லை. அதையும் தாளில் ஓர் ஓரமாக எழுதிக்கொண்டார்.

ஷம்ரா மிஸ் பதுளைக்காரர். ஒரு காலத்தில் நாட்டுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். இப்போது கொழும்பில் பெண்கள் அணி ஒன்றை வைத்து நடத்தும் பெரிய கம்பெனிக்கு ஆள் தேடிக் கொடுப்பது அவருடைய வேலை. பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போய் ஆட்டம் பார்ப்பார். நாடு முழுவதிலுமிருந்து வருஷத்துக்கு மூன்று பெண்களைத்தான் கம்பெனி எடுக்கும். எடுபட்டால் வேலை, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஆடினால் மாலைதீவுக்கோ மலேசியாவுக்கோ கூட ஆடப் போகலாம். நேசராணியின் மகள் இந்த வருஷம் கடைசி ஒன்பது பேருக்குள் வந்திருந்தாள். அந்த ஒன்பது பேரின் வீடுகளுக்கும் மிஸ் நேரில் போகிறார். தாய் தகப்பனின் உயரம், எலும்பு, நோய் வருத்தம், சாப்பாடு எல்லாவற்றையும் பார்ப்பது பரீட்சையின் கடைசிப் பகுதி.

மடுல்சீமைப் பாதையில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். யூலை மாதம், ஈரமில்லாத காற்று மலையைத் துடைத்துக்கொண்டு போகும் காலம். மிஸ்ஸின் முக்காடெல்லாம் செம்மண் புழுதி. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நேசராணியின் கணவர் லூக்காஸை அளந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் கிடந்து வளைந்தும் லூக்காஸ் ஐந்தடி பத்து இருந்தார். இடது முழங்கால் எப்போது கெட்டது என்று கேட்டு, அதைத் தொட்டுப் பார்த்து, மடக்கி நீட்டச் சொன்னார். சரிவில் நின்று வெட்டி வெட்டி வந்த வலி, பிறவியில் வந்ததல்ல என்று தெரிந்ததும் மிஸ்ஸுக்குத் திருப்தி.

மகள் நிலா மூலையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலும் லயத்திலும் அவள் நிலா. கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் நிலக்ஷனா. பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் அவள் லூக்காஸ் அஞ்சலின். தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

மிஸ் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார். எத்தனை மாதத்தில் நடந்தாள், எலும்பு முறிந்திருக்கிறதா, பெரிய காய்ச்சல் வந்திருக்கிறதா. நேசராணி ரொட்டியைப் புரட்டிப் போட்டபடி பதில் சொன்னாள். முதல் பிள்ளையா என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் நின்று, ஆமாம் என்றாள். எப்போது பெரிய மனுஷியானாள் என்றதற்கு யோசிக்காமல் சொன்னாள்.

"பதினாலு முடியிற நேரம். ஒம்பதாம் வகுப்புல இருந்திச்சு."

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாளில் மேலே எதையோ பார்த்தார். விரல்களை மடக்கி எண்ணினார். ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தது. மூன்று துண்டு சாப்பிட்டார். தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு பிறகுதான் பேசினார்.

"அக்கா, மகள்ட ஆட்டத்துல கொறை சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தித்தான் பந்த தொட்டிருக்கா. அஞ்சு ஆட்டம் பாத்துட்டேன். பந்த பறிகொடுத்தா மத்தப் பிள்ளைகள் தலையில கை வைப்பாங்க, இவ அதுக்குள்ள திரும்பி ஓடியிருப்பா. அத யாரும் சொல்லிக் குடுக்க ஏலாது. ஆனா வயசு இடிக்குது."

தாளைத் திருப்பிக் காட்டினார். உயரம், விரித்த கைகளின் நீளம், நின்ற இடத்திலிருந்து பாயும் உயரம், ஓட்டம், களைத்த பிறகு எறிந்த இருபது பந்தில் விழுந்தவை. எல்லாக் கட்டத்திலும் இலக்கம் இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே 'வளர இடம்' என்று எழுதியிருந்தது.

"இன்னைக்கி எப்பிடி ஆடுறாங்கிறதுக்கு பாதி மார்க்குதான். மூணு வருஷத்துல எங்க போய் நிப்பாங்கிறதுதான் மத்தப் பாதி. அதனால இருபத்தி மூணு வயசு முடிஞ்சவங்கள எடுக்கவே மாட்டாங்க. இவட அடையாள அட்டையில ரெண்டாயிரத்தி ஒண்ணு ஜனவரி. அப்பிடிப் பாத்தா இருபத்தி நாலரை. நா கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு என்னமோ இது இருபத்தி நாலு வயசு உடம்பு மாதிரித் தெரியல. நீங்க இப்ப சொன்ன கணக்கும் சரி வரல. தோட்டத்துல பதிவு முன்னபின்ன ஆகிறது எனக்குத் தெரியும். பிழை ஏதும் இருந்தா ஆதாரத்தோட சொல்லுங்க. இந்த மாசம் முடியிறதுக்குள்ள."

நேசராணி லூக்காஸைப் பார்த்தாள். லூக்காஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

"பிழை ஒண்ணும் இல்லைங்க மிஸ்" என்றாள் நேசராணி.

நிலா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் நடந்தது இதுதான். அஞ்சலின் என்றொரு பிள்ளை இரண்டாயிரத்தி ஓராம் ஆண்டு ஜனவரியில் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பதிவெல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போது அவர்கள் கீழ்க்கணக்கில் இருந்தார்கள். எட்டாம் மாதத்தில் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. தோட்டத்து மருந்துக் காம்பரா பூட்டியிருந்தது. லொறி வரும், பசறைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு பகல் முழுக்க பாதையோரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லொறி வந்தபோது கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்று மாலையே தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். சாவையும் பதிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எழுதவும் இல்லை.

நேசராணிக்கு அந்த லயத்தில் இருக்க முடியவில்லை. மேற்கணக்குக்கு மாறி வந்தார்கள். அடுத்த வருஷம் ஓகஸ்ட் மாதம் நிலா பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்த கருப்பம்மாதான் பிள்ளையைக் கையில் வாங்கினாள். மருத்துவிச்சியின் துண்டுச்சீட்டு இல்லாமல் பதிய முடியாது என்று பசறையில் சொன்னார்கள். தோட்டக் கந்தோர்க் கடிதம் வேண்டும் என்றார்கள். லூக்காஸ் இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தார். போகிற ஒவ்வொரு நாளும், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் விழாது, வேலைநாள் போய்விடும். மூன்றாம் தரம் போகவில்லை. ஞானஸ்நானம் மட்டும் கொடுத்தார்கள்.

பிள்ளைக்கு ஐந்து வயதானபோது பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தகரப் பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. நேசராணி அதை எடுத்துக்கொண்டு போனாள். ஏழு வயதாகியும் ஏன் சேர்க்கவில்லை என்று அவர்கள் கேட்டதற்கு, பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருந்தது என்று சொன்னாள். அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சுகமில்லாமல்தான் இருந்தது.

நிலாவுக்கு இது எதுவும் தெரியாது. தனக்கு ஜனவரியில் பிறந்தநாள் என்றே அவளும் நம்பியிருந்தாள். பல்கலைக்கழகத்துச் சிநேகிதிகள் ஜனவரியில் கேக் வெட்டி அவள் முகத்தில் பூசிய படம் அவளுடைய போனில் இருந்தது.

மிஸ் போன மறுநாள் நிலாவும் பதுளைக்குப் போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு இறங்கும்போது சனிக்கிழமை வருவதாக மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை நேசராணிக்குக் கை ஓடவில்லை. காற்றுக்குக் கொழுந்து குறுகி, ஓர் இலையும் அரும்புமாகத்தான் வரும். இந்த மாதங்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் வாசம் கூடவாம், வெளிநாட்டில் நல்ல விலையாம். பறிக்கிறவளுக்கு அதனால் ஒன்றுமில்லை, நிறுவையில் நிற்காது. பத்து மணி நிறுவையில் அவளுடைய கூடை மூன்று கிலோ கூட இழுக்கவில்லை. கங்காணி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனார். பக்கத்து நிரையில் நின்ற கருப்பம்மா விஷயத்தை மெதுவாகக் கேட்டறிந்தாள். வயதில் மூத்தவள், நிலாவின் தொப்புள்கொடியை அறுத்தவள்.

"சொல்லிரு நேசம்" என்றாள் கருப்பம்மா. "செத்த புள்ள கோவிச்சிக்கவா போகுது?"

நேசராணி அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பிறகு, செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ கோவிச்சிக்க மாட்டா அக்கா. ஆனா எனக்கு அவ இம்புட்டு நாளும் இருந்துகிட்டுத்தான் இருந்தா. ரிப்போட்டு வரும், அவ பேருதான் போட்டிருக்கும். பரீச்சை எழுதினா, பாஸ் பண்ணினா, கம்பசுக்குப் போனா. ஒவ்வொரு தடவையும் நா அந்தப் பேர மட்டும் தனியா படிச்சிப் பாப்பேன். இப்ப வாயத் தொறந்து சொன்னா, அன்னைக்கித்தான் அவ சாவா."

கருப்பம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி நேசராணியின் கூடையில் போட்டாள். 

புதன்கிழமை அரை நாள் வேலையோடு நேசராணி மலையிலிருந்து இறங்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கருப்பம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, பசறைக்கு பஸ் ஏறினாள். கோயிலில் சாமியார் புதியவர், இளம் வயது. இரண்டு பெயரையும் இரண்டு வருஷத்தையும் எழுதிய தாளை அவரிடம் நீட்டினாள். அவர் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினார். முதல் பெயரைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவதுக்கு வேறு புத்தகம் பார்க்க வேண்டியிருந்தது. நிலக்ஷனா, இரண்டாயிரத்தி இரண்டு ஓகஸ்ட் பதினொன்றில் பிறந்தவள், தகப்பன் லூக்காஸ், தாய் நேசராணி. சாமியார் எல்லாம் விளங்கியவர்போல இரண்டு பக்கத்தையும் பிரதி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பிள்ளைக்காக ஒரு செபம் சொல்லவா என்று கேட்டார். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு நேசராணி வந்துவிட்டாள். பாதையில்தான், எந்தப் பிள்ளைக்காக என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை நிலா வந்து, உடுப்பு மாற்றி, ரொட்டிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். திருவலைக்கட்டை அவளுடைய நீளக் கால்களுக்கு எப்போதும் போதாது. ஒரு காலை மடித்து மறுகாலை நீட்டி வைத்திருந்தாள். நேசராணி இரண்டு தாளையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். லூக்காஸ் வாசற்படியில் இருந்தார்.

துருவும் சத்தம் நின்றது. நிலா முதல் தாளை வாசித்தாள், இரண்டாவதை வாசித்தாள், மறுபடி முதலாவதை எடுத்தாள்.

"இது யாரு?"

"ஒங்க அக்கா" என்றாள் நேசராணி.

"எங்க இருக்கா?"

நேசராணி அடுப்பில் விறகைத் தள்ளினாள். வாசலிலிருந்து லூக்காஸ்தான் சொன்னார். எட்டு மாதம், வயிற்றோட்டம், லொறி. சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. இவ்வளவு வருஷம் பொத்தி வைத்த விஷயம் இவ்வளவு சின்னதாக இருந்தது லூக்காஸுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முடித்த பிறகும் இன்னும் ஏதோ இருப்பதுபோல வாயைத் திறந்து மூடினார்.

நிலா அழவில்லை. கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைப் பாவாடையில் துடைத்தாள்.

"அப்ப எனக்கு இன்னும் இருபத்தி மூணு ஆகல்ல."

"ஆகல்லடி. வார மாசந்தான்."

"பத்தொம்பது மாசம்" என்றாள் நிலா. மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாள். "பத்தொம்பது மாசத்த நீ பெட்டிக்குள்ள வச்சிருந்திருக்க அம்மா. மிஸ் வந்து ஒன்னையத்தான கேட்டாங்க. பிழை ஒண்ணும் இல்லைன்னு சொன்ன."

"பயமா இருந்திச்சி."

"யாருக்கு?"

 நிலா தாள்களை மடித்துத் தன் பையில் வைத்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்சத் தேங்காயைத் துருவி முடித்தாள். அன்று மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது மகளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை நேசராணி பார்த்தாள். கோபத்துக்கு அடியில் அது இருந்தது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கையில் ஆதாரமும் இருந்தது.

திங்கட்கிழமை தாயும் மகளும் பதுளையில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கிருஷ்ணராஜிடம் போனார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஆள். பதிவுக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தோட்டத்து ஆட்களுக்கு அவர் சொல்வதுதான் சட்டம். தாள்களை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்ட வைத்து வாசித்தார். பிறப்பு பதியாத பெரிய ஆட்களுக்குப் புதிதாகப் பதியலாம், வழி இருக்கிறது என்றார். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், விசாரணை. ஒரு வருஷம் போகலாம், கூடவும் போகலாம். பத்து நாளில் ஒன்றும் நடக்காது. நிலா, விண்ணப்பம் போட்ட துண்டாவது கிடைத்தால் மிஸ்ஸிடம் காட்டலாம் என்றாள்.

கிருஷ்ணராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"மகள், ஓஎல் பரீச்சை சேட்டிபிக்கேட் யாரு பேருல இருக்கு?"

"அஞ்சலின்."

"ஏஎல்? கம்பஸ் பதிவு? அடையாள அட்டை?"

எல்லாம் அதே பெயர்தான் என்று நிலா தலையாட்டினாள்.

"நீங்க நிலக்ஷனான்னு பதிஞ்ச அன்னைக்கி, நிலக்ஷனா பள்ளிக்கொடமே போகாத ஆளு. ஒரு சேட்டிபிக்கேட்டும் இல்ல. அஞ்சலின் செத்த புள்ளன்னு ஆயிரும். செத்த புள்ள எழுதின பரீச்சைய யாரு ஒத்துக்குவா? கம்பசுலருந்து நிப்பாட்டினாலும் நிப்பாட்டலாம். அம்மா தெரிஞ்சே வேற புள்ளையோட கடதாசியக் குடுத்தான்னு சத்தியக் கடதாசியில எழுதணும். அதுக்கு அவங்கள விசாரிப்பாங்க."

நேசராணி, தன்னை விசாரித்தால் பரவாயில்லை என்றாள். கிருஷ்ணராஜ் அவளைப் பார்க்காமல் மகளிடமே பேசினார். வேறு பெயரில் இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். இருப்பதைத் தொட வேண்டாம், பட்டத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரிலேயே ஒரு வேலையைத் தேடு என்று சொன்னார். நேசராணி தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். மூத்த பிள்ளையின் சாவையாவது இப்போது பதிய முடியுமா?

"அதையும் செய்யாதீங்க. அவ செத்தத பதிஞ்சா இவளுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றார். அவர்களிடம் காசு வாங்கவில்லை.

அங்கிருந்து நிலா நேரே உள்ளக அரங்குக்கு நடந்தாள். நேசராணி பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஷம்ரா மிஸ் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாவின் அணியில் ஆடும், அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான நஸ்மியா என்ற பெண் தனியாக இடது கையால் பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நிலா எல்லாவற்றையும் சொன்னாள், கிருஷ்ணராஜ் சொன்னது உட்பட. தாள்களைக் காட்டினாள். மிஸ் வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ஒங்கட கால் சொல்லிச்சு." கொஞ்சம் கழித்து, "இத வச்சி நா ஒண்ணும் செய்ய ஏலாது. கோயில் கடதாசிய நம்பி கம்பெனி ஒப்பந்தம் எழுதாது. மேல அனுப்பினா, அங்கருந்து கம்பசுக்குக் கேட்டு எழுதுவாங்க. அப்ப எல்லாம் வெளிய வந்துரும்."

எலும்பைப் படம் பிடித்து வயது கண்டுபிடிப்பார்களாமே என்று நிலா கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது ஓரளவு சரிவரும், இருபது தாண்டினால் எலும்பை வைத்து ஒன்றரை வருஷ வித்தியாசம் சொல்ல முடியாது என்றார் மிஸ்.

"என்னையப் பத்தி என்ன எழுதுவீங்க மிஸ்?"

மிஸ் சொல்ல விரும்பவில்லை. நிலா நகராமல் நின்றாள். மிஸ் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். கடைசிக் கட்டம் நிரப்பியிருந்தது.

"'ஆட்டம் நன்று. உடல் வளர்ச்சி முடிந்துவிட்டது. இந்த வயதில் இதுவே இவருடைய எல்லை.' இருபத்தி நாலரை வயசுல ஒரு பிள்ளை இருபதுக்கு பதினொண்ணு போட்டா, இதத்தான் எழுதணும்."

"இருபத்தி ரெண்டுன்னா?"

"அதே பதினொண்ணுதான்." மிஸ்ஸின் குரல் தணிந்தது. "'ரெண்டு வருஷம் மட்டுமே ஆடியவர். மூன்று வருஷத்தில் நாட்டுக்கு ஆடுவார். விடக்கூடாது.' ஒம்பது பேருல மொதலாவதா போட்டிருப்பேன்."

நிலா தலையை ஆட்டினாள். ஏதோ பாடத்தில் சந்தேகம் கேட்டுத் தெளிந்த மாதிரி இருந்தது. நேசராணி மகளின் கையைத் தொடப் போனாள். கை விலகியது. மிஸ் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தான் இதைப் பார்க்கவில்லை, தனக்கு யாரும் சொல்லவும் இல்லை என்றார்.

மாதம் முடிந்தது. கம்பெனி எடுத்த மூவரில் நஸ்மியா ஒருத்தி. அவளுக்கு இருபது வயது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை, அதற்கு அவளுக்கு நேரம் இருந்தது.

ஓகஸ்ட் பதினொன்றாம் திகதி நேசராணி வேலைக்குப் போகவில்லை, போன் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே பகல் முழுக்க வீட்டில் இருந்தாள். என்ன சொல்லி வாழ்த்துவது என்று தெரியவில்லை. பின்னேரம் நிலாவே எடுத்தாள். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இறுதி ஆட்டம், பதுளையில்தான், வந்து பார் என்றாள். இதற்குமுன் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு நாள் பெயர் போய்விடும் என்று நேசராணி ஒருமுறையும் போனதில்லை.

அவள் போனாள். லூக்காஸின் முழங்கால் அவ்வளவு தூரம் இறங்கிவர இடம்கொடுக்கவில்லை. அரங்கு நிறைய மாணவர்கள், தமிழும் சிங்களமுமாக ஒரே இரைச்சல். படிக்கட்டில் ஒரு பெண் தள்ளி இடம் கொடுத்தாள். எதிர்ப் பக்கத்தில் ஷம்ரா மிஸ் தாளும் பேனையுமாக இருந்தார். நேசராணிக்கு ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாது. மகளை மட்டும் பார்த்தாள். வீட்டில் நிலைக்கதவுக்குக் குனிந்து, திருவலைக்கட்டையில் மடங்கி, எப்போதும் இடம் போதாமல் இருக்கிற பிள்ளை, இங்கே முழு உயரத்துக்கும் நிமிர்ந்து ஓடியது. பந்து போனால் அது எங்கே போனது என்று பார்க்காமலே திரும்பி ஓடியது. மிஸ் சொன்னது இதைத்தான் என்று விளங்கியது. மிஸ்ஸின் பேனை நஸ்மியா பந்தைத் தொடும்போது மட்டும் அசைந்தது.

கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் புள்ளி சமமாக வந்தது. நிலா நடுவிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடிப் போட்டாள். அடுத்ததையும் அவளே போட்டாள். பையன்கள் கதிரைகளைத் தட்டத் தொடங்கினார்கள். முதலில் ஒரு மூலையிலிருந்து வந்தது, பிறகு அரங்கு முழுவதும்.

அஞ்சலின். அஞ்சலின். அஞ்சலின்.

இருபத்து நான்கு வருஷமாக நேசராணி வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. தூளியை ஆட்டும்போது சொன்னாள். பாதையோரத்தில் பிள்ளை கண்ணைத் திறக்காதபோது சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதில்லை. இப்போது முந்நூறு நானூறு பேர், முகம் தெரியாத பிள்ளைகள், தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த பெண் அவள் முதுகைத் தடவி, உங்கள் மகளா, கெட்டிக்காரப் பிள்ளை, சந்தோஷப்படுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். நேசராணி தலையாட்டினாள்.

விசில் ஊதியது. வென்றுவிட்டார்கள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். மிஸ் கீழே இறங்கி வந்து நிலாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா ஆடினீங்க அஞ்சலின்" என்றார். பிறகு நஸ்மியாவைத் தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய், இடது கையைக் காட்டி ஏதோ விளக்கினார்.

நேசராணி கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு கோடு வரை வந்தாள். உள்ளே போகலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்று, "நிலா" என்று கூப்பிட்டாள். இரைச்சலில் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

மிஸ்ஸிடமிருந்து திரும்பி வந்த நஸ்மியா நின்று பார்த்தாள். "அந்த அம்மா யாரையோ தேடுறாங்க. யாரு நிலா?"

நிலா மணிக்கட்டுப் பட்டியில் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுல ஒருத்தி" என்றாள். "அவ ஆட வரல."

அப்படியே நடந்து வந்து, தாயின் கையிலிருந்த போத்தலை வாங்கி, முழுவதையும் குடித்து முடித்தாள்.